ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. சற்றுமுன் நம் காலனிக் குழந்தைகள் ஆடிய கோலாட்டம் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாயிற்று. அவ்விருந்துக்குப் பின்னர்ப் புகையையும் கரியையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று செயலாளர் அவர்களிடமே கேட்டோம். "நம் காலனியில் வீட்டுக்கு ஒருவர் கணிப்பொறித் தொழிலில் இருக்கிறார். அத்தொழிலின் நிறைகுறைகளை நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?" என்றார் அவர். அவர் தந்த துணிவில் உங்கள் முன் நிற்கின்றோம். நண்பர்கள் சிலர் கூடி நடத்திவரும் சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் சார்பில், எங்களுக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையும் அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் ஒளிக்காமல் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் நம் முன்னோர் அறிந்த செய்தி ஒன்றை நினைவூட்டுகின்றோம். காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கின்றாள். அவ்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம், மைசூர்த் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயர் காலத்தில் உருவாயிற்று. 1902ஆம் ஆண்டில் அம்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பிவழி சென்று கோலார் தங்க வயலை அடைந்தது. அத்தங்க வயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும் பகுதியினர் தமிழ் மக்களே என்பது நாம் அனைவரும் அறிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டில், பெங்களூர் வீதிகளிலும் மின்விளக்கு எரியத் தொடங்கியது. நீர் வீழ்ந்தது, ஒளி பிறந்தது, இடையில் புகை இல்லை.

இன்று நிலைமை வேறு. சராவதியின் நீர் மின்சாரமும், ராய்ச்சூரின் நிலக்கரி மின்சாரமும், பாவகடாவின் சூரிய மின்சாரமும் ஒரே கம்பியில் கலந்து நம் வீட்டுக்கு வருகின்றன. 2013ஆம் ஆண்டின் இறுதி நாளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்வலை ஒன்றே ஆகிவிட்டது. ஆகையால் மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரு சராசரிக் கணக்கை வெளியிடுகின்றது. அக்கணக்கின்படி நாம் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஓரிடத்தில் வானில் கலக்கின்றது. நம் அறையில் புகை தெரிவதில்லை. புகைபோக்கி நெடுந்தொலைவில் இருக்கின்றது. எங்கள் தொழிலைப் புகையில்லாத் தொழில் என்று நாங்கள் பெருமை பேசிவந்ததற்கும் இதுவே காரணம்.

அப்பெருமைக்கு ஒரு நாள் சோதனை வந்தது. எங்களுக்கு ஆண்டுதோறும் வேலை கொடுத்துவரும் பெரிய நிறுவனம் ஒன்று ஒரு வினாப் படிவத்தை அனுப்பியது. "சென்ற ஆண்டில் உங்கள் நிறுவனத்தின் செயல்களால் வெளியான கரியமில வாயு எத்தனை டன்? அதைக் குறைக்க என்ன செய்தீர்கள்?" என்பன அதில் கண்ட வினாக்கள். இவ்வினா வீணுக்கு எழுந்ததன்று. பங்குச் சந்தையில் பதிவான முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23ஆம் நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றி அறிக்கை தரவேண்டும் என்று 'செபி' விதித்துள்ளது. பெரியவர் கணக்குக் காட்ட வேண்டுமானால், அவருக்கு வேலை செய்யும் சிறியவரும் கணக்குக் காட்டத்தானே வேண்டும்?

எங்களிடம் கணக்கு இல்லை. சம்பளக் கணக்கு இருந்தது. வரிக் கணக்கு இருந்தது. தேநீர்க் கணக்குக்கூட இருந்தது. கரிக் கணக்கு மட்டும் இல்லை. மறுமொழி தராவிட்டால் அடுத்த ஆண்டு வேலை கைநழுவிப் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வேலையை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. அந்த நேரத்தில் ஒருவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் எங்கோ மரம் நட்டதற்கான சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு "எங்கள் நிறுவனம் கரிநடுநிலை அடைந்துவிட்டது" என்று எழுதிவிடலாம் என்றார். உண்மையைச் சொன்னால், எங்களுள் சிலருக்கு மனம் அதில் சாய்ந்தது.

தங்க வயலில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இக்காலனியில் வாழ்கின்றார். மாலை நடையின்போது அவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பிகளா, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் வாக்கு. நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்பதே தெரியாமல், போட்டதற்கு ஈடு கட்டிவிட்டோம் என்று எப்படி எழுதுவீர்கள்? கடனின் அளவு தெரியாதவன் கடன் தீர்ந்தது என்று எழுதினால் அது கணக்காகுமா?" என்றார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் சான்றிதழ் எண்ணத்தைக் கைவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம்.

அன்பர்களே, கரிக் கணக்கு எழுதும் முறை கடினமானதன்று. 2001ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்கிவரும் முறை ஒன்று உண்டு. அது கணக்கை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றது. நாமே நேரில் எரிப்பதும் கசியவிடுவதும் முதற் பகுதி. ஜெனரேட்டரில் எரியும் டீசலும் குளிர்சாதனத்தில் கசியும் வாயுவும் இதில் அடங்கும். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் பகுதி. நமக்காகப் பிறர் வெளியிடுவது மூன்றாம் பகுதி. ஊழியர்களின் போக்குவரவு, விமானப் பயணம், வாங்கும் கணிப்பொறிகள், வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் ஆகியவை இதைச் சார்ந்தவை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இருபத்தைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் மாதம் 2,500 யூனிட் செலவிடுகின்றது என்று கொள்வோம். மாதத்துக்கு 1,750 கிலோ, ஆண்டுக்கு 21 டன் கரியமில வாயு ஆகின்றது. ஆளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 840 கிலோ. இனி அவ்வூழியர்களுள் ஒருவர் நாள்தோறும் போகவர 24 கிலோமீட்டர் காரில் தனியே வருகின்றார். பெங்களூர் நெரிசலில் அதற்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் செலவாகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஒரு கிலோ எடைகூட இல்லாத பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வாயு எப்படி வரும் என்று கேட்கலாம். எரியும்போது பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்கின்றது. எடை கூடுவது அதனால்தான். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால், அந்த ஒருவரின் காரே 1,100 கிலோ வெளியிட்டுவிடும். நாளெல்லாம் அலுவலகத்தில் அமர்ந்து அவர் செலவிடும் மின்சாரத்தைவிட, அலுவலகத்துக்கு வந்துபோகும் செலவு மிகுதி!

இன்னும் ஒரு வியப்பு உண்டு. கோடைதோறும் ஏ.சி. மெக்கானிக் வந்து 'கேஸ்' போட்டுச் செல்வார். அதை நாங்கள் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவதுபோல வழக்கமான செலவாகவே எண்ணியிருந்தோம். கேஸ் ஏன் குறைகின்றது என்று கேட்டதே இல்லை. குறைகின்றது என்றால் எங்கோ கசிந்து காற்றில் போகின்றது என்றுதானே பொருள்? பல ஏ.சி.க்களில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். முன்சொன்ன உதாரண அலுவலகத்தின் ஒரு மாத மின்சாரக் கணக்கையும் அது விஞ்சிவிடும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டுவந்த எங்கள் அறியாமையை நினைத்து வெட்கினோம்.

கணக்குத் தெரிந்த பின்னர், குறைத்த அனுபவம் உள்ளவர்களைத் தேடினோம். நம் பெங்களூரிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கின்றது. 1981ஆம் ஆண்டில் ஏழு பேர் கூடிப் புனாவில் தொடங்கி, 1983இல் இந்நகருக்கு வந்த இன்ஃபோசிஸ் நிறுவனத்தை நீங்கள் அறிவீர்கள். அதுவும் ஒரு காலத்தில் எங்களைப்போலச் சிறு நிறுவனமாக இருந்ததே. அவர்கள் 2008ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, ஊழியர் ஒருவருக்கு எத்தனை மின்சாரம் என்று அளந்து வந்து, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் அதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தார்கள். 2020ஆம் நிதியாண்டில் கரிநடுநிலை அடைந்ததாக அறிவித்தார்கள்.

அவர்கள் செய்த ஒரு சோதனை எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. 2011ஆம் ஆண்டில் ஐதராபாத் வளாகத்தில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அதை இரு சம பாதிகளாக்கி, ஒரு பாதியைக் காற்றைக் குளிர்வித்து ஊதும் வழக்கமான முறையிலே, ஆனால் நன்கு செம்மைப்படுத்தி, அமைத்தார்கள். மற்றொரு பாதியில் காங்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். தளம் குளிர்ந்து, அறையில் உள்ளவர்களின் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்கின்றது. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் காற்றைவிட நீர் பன்மடங்கு வல்லது. ஆகையால் பெரிய விசிறிகளுக்கு வேலை குறைகின்றது. இரு பாதிகளிலும் தனித்தனியே மீட்டர் வைத்து இரண்டு ஆண்டுகள் அளந்தார்கள். குளிர்நீர் ஓடிய பாதி 34 விழுக்காடு குறைவான மின்சாரமே செலவிட்டது என்று தெரிந்தது. கட்டும் செலவும் மிகவில்லை. "இது நல்லது" என்று வாயால் சொல்லாமல், அருகருகே வைத்து அளந்து காட்டினார்களே, அதுதான் நாங்கள் கற்ற முதற் பாடம்.

புதுக் கட்டடம் கட்ட எங்களுக்கு வசதி ஏது? ஆயினும் சோதனை செய்யும் முறையைக் கடன் வாங்கலாம் அல்லவா? எங்களிடம் இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் ஏ.சி.யை 24 பாகையில் வைத்து, 75 வாட் மின்விசிறிகளுக்கு மாற்றாக ஏறத்தாழ 28 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிகளைப் பொருத்தினோம். மற்ற அறையை முன்போலவே 20 பாகையில் விட்டோம். இரண்டுக்கும் தனி மீட்டர் வைத்தோம். பாகை ஒன்று கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்திச் சிக்கன அமைப்பு கூறுகின்றது. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. மாத முடிவில் இரு மீட்டர்களின் கணக்கையும் சுவரில் ஒட்டினோம். அதன்பின் 20 பாகை அறையினர் தாமாகவே மாறிக்கொண்டார்கள்; அங்கே சிலர் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியாயிற்று!

இந்நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய அறிஞர் அமுல்ய ரெட்டி அவர்களை இங்கே நினைக்க வேண்டும். 1974இல் கிராமங்களுக்கு அறிவியலைக் கொண்டுசெல்ல 'அஸ்த்ரா' என்னும் அமைப்பை உருவாக்கியவர் அவர். மக்களுக்கு வேண்டியது எரிசக்தி அன்று, அது தரும் வெளிச்சமும் சமையலும் குளிர்ச்சியுமே என்பது அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து. எங்களுக்கு வேண்டியது வியர்க்காமல் வேலை செய்வது. நடுங்கும் குளிர் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இவ்வுண்மை தெரிய எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

அடுத்து, நள்ளிரவில் மீட்டரைப் பார்த்தோம். ஒருவரும் இல்லாத அலுவலகத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அணைக்காத திரைகளும் இயந்திரங்களும் விழித்திருந்தன. வாடகைச் சர்வர்களின் கதையும் அதுவே. வாரத்துக்கு 168 மணி நேரம். நாங்கள் வேலை செய்வது 50 மணி நேரம். மென்பொருளைச் சோதிப்பதற்கென்று வைத்திருந்த சர்வர்கள் மீதி 118 மணி நேரமும் யாருக்காகவும் இல்லாமல் ஓடின. மாலையில் தாமே அணைந்து காலையில் தாமே விழிக்கும்படி இப்போது ஏற்பாடு செய்துள்ளோம். வாடகையும் குறைந்தது, கரியும் குறைந்தது.

மடிக்கணினிகளையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை விட்டோம். ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கரியில் பெரும் பங்கு அது செய்யப்படும்போதே வெளியாகிவிடுகின்றது. ஆகையால் பேட்டரியையும் நினைவகத்தையும் மாற்றி இன்னும் இரண்டாண்டுகள் பயன்படுத்துவதே சிக்கனம். போக்குவரவிலும் காலம் உதவியது. 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடம் எலெக்ட்ரானிக் சிட்டி வழியே செல்வதால், அப்பக்கம் வாழும் எங்கள் நண்பர்கள் காரை வீட்டிலேயே நிறுத்தத் தொடங்கியுள்ளார்கள்.

எங்களால் முடியாதவற்றையும் சொல்லாமல் விடலாகாது. எங்கள் அலுவலகம் வாடகை இடம். மாடிக் கூரை கட்டட உரிமையாளருக்குரியது. ஆகையால் சூரியத் தகடு வைக்க இயலவில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் துமகூரு மாவட்டத்துச் சிராவில் 40 மெகாவாட் சூரிய மின்நிலையமே அமைத்துக்கொண்டது. நமக்கு அது எட்டாக் கனி. பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து வாங்கிக்கொள்ள 2022இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதற்கும் 100 கிலோவாட் இணைப்பு வேண்டும். எங்கள் இணைப்பு அதற்குச் சிறிது. கீழே உறுமும் டீசல் ஜெனரேட்டரும் கட்டடம் முழுவதற்கும் பொது. ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ என்று எழுதிக்கொள்வதைத் தவிர இப்போதைக்கு எங்களால் ஆவது ஒன்றுமில்லை. மற்ற வாடகைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு உரிமையாளரிடம் கூரையைக் கேட்டிருக்கின்றோம். ஒருவராகக் கேட்டபோது புன்னகை கிடைத்தது. ஐவராகக் கேட்டபோது "பார்க்கலாம்" என்ற சொல் கிடைத்திருக்கின்றது.

எவ்வளவு குறைத்தாலும் மீதி ஒன்று இருக்கத்தான் செய்யும். முன்சொன்ன பெரிய நிறுவனமும் மீதிக்கு ஈடாகக் கிராமக் குடும்பங்களுக்குச் சாண எரிவாயுக் கலன்களும் புகை குறைந்த அடுப்புகளும் அமைக்க உதவியது. அது நற்பணியே. ஆனால் அது அவர்கள் வரிசையில் கடைசிப் படி. அளத்தல் முதற்படி, குறைத்தல் இரண்டாம் படி, ஈடு செய்தல் மூன்றாம் படி. நாங்களோ மூன்றாம் படியில் நேரே கால் வைக்கப் பார்த்தோம்.

வினாப் படிவத்துக்கு என்ன எழுதினோம் என்று கேட்பீர்கள். அளந்ததை அளந்தபடியே எழுதினோம். அளக்க இயலாததை "மதிப்பீடு" என்று குறித்தோம். கசிந்த கேஸையும் மறைக்கவில்லை. கரிநடுநிலை என்ற சொல்லை எழுதவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்ற அச்சத்தோடுதான் அனுப்பினோம். சில வாரங்கள் மறுமொழி இல்லை. பின்னர் ஒரு வரி வந்தது: அடுத்த ஆண்டு இவ்வெண்ணை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால், அடுத்த ஆண்டும் வேலை உண்டு என்று தெரிந்து மனம் ஆறுதல் பெற்றோம்.

தாய்மார்களே, பெரியோர்களே! 2024ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறக்க முடியாது. முந்தைய ஆண்டு மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நம் வீதிகளில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றோம். விசிறி இல்லாமலே உறங்கிய நகரம் என்று முதியோர் சொல்லும் பெங்களூரில் இன்று வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்துகொண்டிருக்கின்றது. நம்மை வரவேற்று வாழவைக்கும் இக்கன்னட நாட்டின் நீரும் நிழலும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரி வெளியீட்டைச் சுழியமாக்குவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உறுதி கூறியுள்ளது. இன்று கோலாட்டம் ஆடிய குழந்தைகள் அந்த ஆண்டில் நம்மைப்போல் நரைத்த தலையோடு இதுபோன்ற அவையில் அமர்ந்திருப்பார்கள்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தையிடம் மின்சாரச் சீட்டுகளை ஒப்படையுங்கள். மாதந்தோறும் யூனிட்டை எழுதி, 0.7ஆல் பெருக்கி, கிலோ எவ்வளவு என்று அக்குழந்தை குறித்துவரட்டும். சிறு நிறுவனம் நடத்தும் அன்பர்கள் ஏ.சி. கேஸையும் டீசலையும் போக்குவரவையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகளைக் கொண்டுவாருங்கள். நாங்களும் எங்கள் ஏட்டைக் கொண்டுவருகின்றோம். எண் குறைந்திருந்தால் மகிழ்வோம். கூடியிருந்தால் ஏன் என்று கூடிப் பேசுவோம்.

அந்தத் தங்க வயல் பெரியவர் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். எங்கள் கணக்கை முதலில் அவரிடமே காட்டினோம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூன்று பக்கங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டல் சரி; இனிக் கழித்தலைப் பாருங்கள்" என்றார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.